காஞ்சிபுரத்தை ‘முடிக்க’ வருகிறவர்களுக்கு

ஏனாத்தூரில் குடியிருப்பவனுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று தானாக வந்து சேரும். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நண்பர்களுக்கு, அவர்களுடைய நண்பர்களுக்கு, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த வடநாட்டுப் பையனுக்கு என்று காஞ்சிபுரத்துக்கு ‘ஒன் டே ப்ளான்’ போட்டுக் கொடுக்கிற உத்தியோகம். வாட்ஸப்பில் கேள்வி எப்போதும் ஒரே மாதிரிதான் வரும்: “ப்ரோ, ஒரே நாள்ல காஞ்சிபுரத்த முடிச்சிடலாமா?”

அந்த ‘முடிச்சிடலாமா’வோடுதான் எனக்குச் சண்டை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சண்டைதான். கடனை முடிக்கலாம், சீரியலை முடிக்கலாம், பரோட்டாவை முடிக்கலாம். ஒன்றே முக்கால் லட்சம் ரீல்ஸ் பார்த்த கண்ணோடு ஒரு ஊருக்குள் வந்து அதை எப்படிங்க முடிப்பீங்க?

வழக்கமான ப்ளான் எல்லோருக்கும் தெரியும். காலை 6 மணிக்குச் சென்னையில் கிளம்பணும், 75 கிலோமீட்டர். 8 மணிக்குக் கைலாசநாதர், வெயில் ஏறுவதற்குள் படம் எடுத்துவிடணும். அப்புறம் ஏகாம்பரநாதர், காமாட்சி. மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஓடணும். நடுவில் ‘கோயில் இட்லி எங்க கிடைக்கும்’ என்று ஒரு தேடல். நடை சாத்திய நேரத்தில் பட்டுக்கடை. ஆட்டோ அண்ணனே கூட்டிப்போவார், அவருக்குக் கமிஷன். நாலு மணிக்கு மேல் வரதராஜப் பெருமாள், தங்கப் பல்லி, நூற்றுக்கால் மண்டபம், கல் சங்கிலி. 7 மணிக்கு ஹைவே. ஸ்ரீபெரும்புதூரில் காபி. முடிஞ்சுது.

இந்தப் பட்டியலில் பார்க்கக் கூடாத இடம் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே பார்க்க வேண்டியவைதான். கோளாறு இடங்களில் இல்லை, அவற்றை இணைக்கிற கோட்டில் இருக்கிறது. இந்தப் ப்ளானில் ஒரு கோயிலையும் இன்னொரு கோயிலையும் இணைப்பது கார் பார்க்கிங். ஊர் உண்டானபோது அவற்றை இணைத்தது தண்ணீர். ஆறு, கால்வாய், ஏரி, குளம், மதகு. காஞ்சிபுரம் ஒரு கால்வாய் ஊர். ‘கோயில் நகரம்’, ‘பட்டு நகரம்’ என்று நுழைவாயிலில் எழுதி வைத்திருப்பதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கோயிலையும் பட்டையும் சாத்தியமாக்கிய மூன்றாவது பெயரை விட்டுவிட்டார்கள். விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் போர்டில் எழுதினால் காட்டியாக வேண்டும்.

*

“கால்வாய் ஊரா? வெனிஸ் மாதிரியா?” என்று சிரிப்பவர்களுக்கு முதலில் ஊர்க்கதைகளையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

சின்னக் காஞ்சிபுரத்தில் யதோத்காரி கோயில் இருக்கிறது. திருவெஃகா என்பது பழைய பெயர். கதை இதுதான்: பிரம்மா வேள்வி செய்கிறார், கோபம் கொண்ட சரஸ்வதி வேகவதி ஆறாக மாறி அதை அடித்துக்கொண்டு போகப் பாய்ந்து வருகிறாள், பெருமாள் ஆற்றுக்குக் குறுக்கே படுத்துவிடுகிறார். வெள்ளம் நிற்கிறது. ‘வேக அணை’தான் மருவி வெஃகா ஆனது என்பார்கள். அதாவது, உள்ளே படுத்திருப்பவர் ஒரு தடுப்பணை. காஞ்சியில் கடவுள் பார்த்த உத்தியோகம் பொதுப்பணித்துறையில். அதே கோயில் பொய்கையில் பிறந்ததாகச் சொல்லப்படுவதால்தான் முதலாழ்வாருக்குப் பொய்கையாழ்வார் என்று பெயர். குளத்தின் பெயரையே ஆளுக்கு வைத்த ஊர் இது.

பெரிய காஞ்சிபுரத்துக்கு வாங்க. ஏகாம்பரநாதர் கதை என்ன? அம்பாள் மணலில் லிங்கம் பிடித்துப் பூஜை செய்கிறாள், கம்பை ஆறு பெருகி வருகிறது, லிங்கம் கரைந்துவிடக் கூடாதே என்று கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். அதனால் அவருக்குத் தழுவக் குழைந்தவர் என்று பெயர். இதுவும் வெள்ளக் கதைதான். பெரிய புராணத்தில் வரும் காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் யார்? சலவைத் தொழிலாளி. துவைத்த துணி காயாமல் மழை பிடித்துக்கொண்டதால், சொன்ன சொல் தவறிவிட்டோமே என்று துவைகல்லில் தலையை மோதிக்கொண்டவர்.

உங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. ஒரு ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும்போது வெள்ளம், அணை, கரையும் மணல், பொய்கை, ஈரத்துணி என்றே சொல்கிறது என்றால், அந்த ஊரின் பயமும் பிழைப்பும் எங்கே இருந்தன என்று புரிந்துகொள்ளலாம்.

கதை வேண்டாம், ஆவணம் வேண்டும் என்பவர்களுக்குக் கூரம் இருக்கிறது. காஞ்சிக்குப் பக்கத்து கிராமம். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பரமேஸ்வரவர்மனின் கூரம் செப்பேடு, அங்கே வெட்டப்பட்ட பரமேஸ்வர தடாகத்தைப் பற்றியும், அதை நிரப்பப் பாலாற்றிலிருந்து தோண்டிய பெரும்பிடுகு என்கிற கால்வாயைப் பற்றியும் பேசுகிறது. ஆற்றில் ஊற்றெடுக்கும், அல்லது எப்போதாவது பெருகும் தண்ணீரைக் கால்வாய் வெட்டி ஏரிக்கு இழுத்து வருவது, ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு விடுவது. இதுதான் தொண்டை நாட்டின் அடிப்படைச் சூத்திரம். காவிரி மாதிரி வற்றாத ஆறு நமக்குக் கிடையாது. வருஷத்தில் சில வாரம் ஓடுகிற பாலாற்றை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கச் சோறு சாப்பிட வேண்டும். அதனால்தான் இந்தப் பக்கம் ஏரிகளின் மாவட்டம் ஆனது.

உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோருக்கும் தெரியும். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். குடவோலை முறை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் பேச்சிலும் அது வந்தது. ‘ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எலக்‌ஷன்!’ என்று புல்லரித்துப் போகிறோம். அந்த எலக்‌ஷனில் எதற்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஓலை போட்டு ஆளை எடுத்ததில் ஒரு வேலை ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஜனநாயகத்தை எடுத்துக்கொண்டு ஏரியை விட்டுவிட்டோம். கணக்குக் காட்டுவதையும் சேர்த்து விட்டுவிட்டோம்.

*

இப்போது வெளியூருக்குப் போவோம். சீனாவில் சுசோ என்று ஒரு ஊர். பட்டு நெசவுக்கும் கால்வாய்களுக்கும் பேர்போன பழைய ஊர். பட்டும் தண்ணீரும் ஒன்றாக இருப்பதில் காஞ்சிக்குத் தூரத்து அண்ணன் முறை. அந்த ஊர் வழியாகப் போகும் பெருங்கால்வாயை 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே போகிற சுற்றுலாப் பயணி முதலில் பார்ப்பது கால்வாய். படகு, கல் பாலம், கரையோரச் சுவர், அப்புறம்தான் பட்டு. ஆலப்புழைக்குப் போனாலும் இதே கதைதான். ஹோய் ஆனில் இருந்து நண்பர் ஒருவர் போட்ட ஸ்டோரியில் பதினெட்டுப் படம், பதினாறில் தண்ணீர்.

அதே நண்பர் காஞ்சிபுரத்தில் மஞ்சள்நீர்க் கால்வாயைத் தாண்டும்போது ஷேர் ஆட்டோவில் மூக்கைப் பிடித்துக்கொண்டார். “என்னய்யா இது நாத்தம்?” என்றார். பெயரைச் சொன்னேன். “மஞ்சள் நீரா? நல்ல காமெடி” என்றார்.

காமெடி இல்லை. கோயில் அபிஷேகத்து மஞ்சள் நீர் வழிந்தோடியதால் அந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். மழைநீரை ஊருக்குள்ளிருந்து வாங்கி வெளியே கொண்டுபோய் ஏரியில் சேர்க்க வேண்டிய வாய்க்கால் அது. இன்று ஊரின் கழிவைக் கொண்டுபோகிறது. எங்கே கொண்டுபோகிறது? நத்தப்பேட்டை ஏரிக்கு. ஏனாத்தூரில் இருந்து நத்தப்பேட்டை கூப்பிடு தூரம். அதாவது நீங்கள் எந்த ஊரில் நின்று சாமி கும்பிட்டீர்களோ, எந்த ஓட்டலில் சாப்பிட்டுக் கை கழுவினீர்களோ, எந்த லாட்ஜில் குளித்தீர்களோ, அந்தத் தண்ணீர் உங்கள் ப்ளானில் இல்லாத ஒரு பயணத்தைத் தனியாக மேற்கொண்டு எங்கள் பக்கத்து ஏரிக்கு வருகிறது. நீங்கள் 7 மணிக்கு ஹைவே ஏறிவிடுகிறீர்கள். அது ஏறுவதில்லை.

ஒருநாள் சுற்றுலாவின் அசல் கணக்கு இதுதான். வருகிறவர் கோயிலைப் பார்க்கிறார், கழிவை விட்டுப்போகிறார். கோயில் இருக்கிற தெரு சுத்தமாக இருக்கிறது, கழிவு போகிற ஊர் ப்ளானில் இல்லை. ஒரு ஊரைப் பார்ப்பது என்றால் அதன் முகத்தை மட்டும் பார்ப்பது என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?

2019 ஞாபகம் இருக்கிறதா? ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். வரதராஜர் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் 40 வருஷம் மூழ்கிக் கிடந்த அத்திவரதர் வெளியே வந்தார். 1979க்குப் பிறகு அப்போதுதான். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அதே கோடையில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு மக்கள் லாரிக்கு நின்றார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. குழாயில் தண்ணீர் இல்லாத ஒரு நகரம், தண்ணீருக்கு அடியில் வாழ்கிற ஒரு சாமியைப் பார்க்க 75 கிலோமீட்டர் வரிசை கட்டி வந்தது. தண்ணீருக்குள்ளேயே இருக்க ஆசைப்படுகிற ஒரு சாமியை வைத்திருக்கிற ஊர் தன் தண்ணீரை என்ன செய்து வைத்திருக்கிறது என்கிற கேள்வி அந்த ஒரு கோடியில் எத்தனை பேருக்கு வந்திருக்கும்? குளத்தைத் தூர்வாரி, சாமியை உள்ளே வைத்து, தண்ணீர் விட்டு மூடினோம். அடுத்தது 2059. அதுவரை அந்தக் கேள்விக்கும் லீவு.

*

“சாக்கடையைக் காட்டி டூரிஸ்ட்டை விரட்டப் பாக்கிறியா? ஊர்ப் பொழப்பு என்ன ஆவுறது?” என்று உள்ளூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயமான சண்டை. நெசவாளர், இட்லிக்கடை, பூக்கடை, ஆட்டோ எல்லாம் வருகிற கூட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் பாருங்கள், நெசவுக்கே தண்ணீர்தானே மூலம். பச்சைப் பட்டை அவித்துப் பிசினை எடுக்கத் தண்ணீர் வேண்டும், சாயம் முக்கத் தண்ணீர் வேண்டும், அலசத் தண்ணீர் வேண்டும். ‘பாலாத்துத் தண்ணியில அலசினாத்தான் பட்டுக்கு அந்த மினுமினுப்பு’ என்று பிள்ளையார்பாளையத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரம் பட்டில் காஞ்சிபுரம் என்று சொல்ல இருப்பது இரண்டே இரண்டு: நெய்கிறவர் கை, ஊர்த் தண்ணீர். கைக்குக் கூலி பற்றாமல் பிள்ளைகளை ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். தண்ணீரையும் இப்படி விட்டால் புவிசார் குறியீட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொரு வாதம் வரும். இந்தப் பத்திரிகை வாசகர்கள் பலர் அதைத்தான் சொல்வீர்கள். “பழைய நீர் மேலாண்மை, முன்னோர் அறிவு என்று நீயும் ஆரம்பித்துவிட்டாயா? அந்த ஏரியில் யாருக்கு எந்தக் கரை என்று தெரியாதா?”

தெரியும். உத்திரமேரூர் வாரியத்தில் உட்கார நிலம் வேண்டும், வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு இடமில்லை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவருக்கு ஓலை கிடையாது. மதகில் இறங்கி ராத்திரியில் தண்ணீர் கட்டியவர் ஊருக்கு வெளியே குடியிருந்தார். பொற்காலம் பேச எனக்கு ஒரு ஆசையும் இல்லை. ஆனால் இந்த வாதத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் இன்றைக்கு நடப்பதையும் பார்க்கணும். வேகவதி ஆறு ஊருக்கு நடுவே போகிறது. அதன் கரையில், ஆற்றுக்குள்ளேயே, கூலித் தொழிலாளர்களும் நெசவாளர்களும் பல வருஷமாக வீடு கட்டி இருந்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை மீட்கணும் என்று எல்லோரும் பேசினார்கள். மீட்பு என்றதும் யாருடைய வீடு முதலில் ஞாபகம் வந்தது? கீழ்க்கதிர்ப்பூரில் 2,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் இவர்களைக் கொண்டுபோய் வைக்கத்தான் கட்டப்பட்டன. ஆற்றில் வீடு கட்டியது சரி என்று நான் சொல்ல மாட்டேன், வெள்ளம் வந்தால் முதலில் சாவது அவர்கள்தான். ஆனால் ஏரி வரத்துக் கால்வாயின் மேல் தளம் போட்டுக் கட்டிய கட்டடத்துக்கு ‘ஆக்கிரமிப்பு’ என்கிற சொல் ஏன் அவ்வளவு சீக்கிரம் வாய்க்கு வருவதில்லை? பழைய ஏரி வாரியத்தில் யாருக்கு ஓலை இல்லையோ அவர் வீட்டு வாசலுக்குத்தான் இன்றும் முதலில் நோட்டீஸ் வருகிறது. இதைப் பார்க்காமல் ‘முன்னோர்’ என்று கொண்டாடுவதும் வெட்டி. இதைக் காரணம் காட்டிக் கால்வாயைப் பற்றியே பேசாமல் இருப்பதும் வெட்டி.

மூன்றாவது வாதம் ஒன்று உண்டு, அதைத்தான் நான் மதிக்கிறேன். “நீ சொல்வதைக் கேட்டுக் கால்வாயைச் சுற்றுலாத் தலமாக்கினால் என்ன ஆகும்? நடைபாதை, கலர் விளக்கு, ‘ஐ லவ் காஞ்சி’ என்று ஒரு செல்ஃபி பலகை, கரையில் இருப்பவர்களை அப்புறப்படுத்தல்.” ஆமாம், ஆகும். வெனிஸையே பாருங்கள். ஒருநாள் வந்து போகிறவர்களின் தொல்லை தாங்காமல் 2024 ஏப்ரலில் அவர்களிடம் ஆளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் அழகாக இருந்தும், அதைப் பார்க்க வருகிறவர்களால் ஊர்க்காரர்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நான் கேட்பது அழகுபடுத்தல் இல்லை. முதலில் பார்க்கச் சொல்கிறேன். கழிவு கழிவாகத் தெரியட்டும். பார்க்கிறவர்கள் அதிகமானால்தான் கேட்கிறவர்களும் அதிகமாவார்கள்.

*

சரி, ப்ளான் கேட்டீர்கள், ப்ளானே தருகிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. இதற்கு இரண்டு முன்னோடிகள் இருக்கிறார்கள்.

முதலாமவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சிக்குப் போக நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய வழிகாட்டி அவருடைய பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகிற பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. அதில் இடத்தைவிட ஆட்கள்தான் அதிகம். எயினர் குடிசையில் என்ன சாப்பாடு, ஆயர் வீட்டில் என்ன, உழவர் வீட்டில் என்ன, வலைஞர் வீட்டில் என்ன என்று சொல்லிக்கொண்டே போய்த் திருவெஃகா வழியாகக் கச்சிக்குள் விடுகிறது. யாரிடம் சாப்பிடப் போகிறோம் என்பதுதான் அந்தப் பயணத்தின் ப்ளான்.

இரண்டாமவர் சாட்சாத் வரதராஜப் பெருமாள். அவரும் ஒருநாள் டூர் போகிறவர்தான். சித்ரா பௌர்ணமிக்கு ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கும் பாலாற்றுக்கும் போவார். மாட்டுப் பொங்கலுக்குப் பழையசீவரம் மலைக்கும், ஆற்றைத் தாண்டித் திருமுக்கூடலுக்கும் போவார். கோயிலை விட்டு வெளியே வந்தால் பெருமாள் போகிற இடமே கிணறு, ஆறு, முக்கூடல். பக்தர்கள்தான் பார்க்கிங்குக்குப் போகிறார்கள்.

ஆகவே இப்படி வாருங்கள். கார் வேண்டாம். செங்கல்பட்டு வழியாகத் திருமால்பூர், அரக்கோணம் போகிற மின்சார ரயிலைப் பிடியுங்கள். வண்டி அதிகம் கிடையாது, நேரம் பார்த்து வாங்க. காஞ்சிபுரத்துக்கு முன்னால் நத்தப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள். முதலில் ஏரி. கரையில் ஏறி நில்லுங்கள். பறவை இருக்கும், வெங்காயத்தாமரை இருக்கும், வாடையும் இருக்கும். மூன்றையும் பாருங்கள். அங்கிருந்து ஊருக்குள் வந்து மஞ்சள்நீர்க் கால்வாயை ஒரு தெரு தூரமாவது கூடவே நடந்து பாருங்கள். எந்த வீட்டுக் குழாய் அதில் இறங்குகிறது, எந்த இடத்தில் அது சிமெண்ட் மூடிக்கு அடியில் காணாமல் போகிறது, எங்கே திரும்பத் தலைகாட்டுகிறது.

பிறகு யதோத்காரி. அணையாகப் படுத்திருப்பவரை அந்த நினைப்போடு பாருங்கள். அடுத்து வரதராஜர் கோயில். தங்கப் பல்லிக்கு முன்னால் அனந்தசரஸ். பெருமாள் கீழே படுத்திருக்கிற நீராழி மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் படியில் உட்காருங்கள். இட்லி சாப்பிடுங்கள். மிளகும் சுக்கும் போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வெந்தது என்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

நடை சாத்துகிற மதியத்தில் பட்டுக்கடைக்குப் போகாதீர்கள், பிள்ளையார்பாளையத்துக்குப் போங்கள். தறிச் சத்தம் கேட்கிற வீட்டு வாசலில் நின்று, “அண்ணே, பாக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். கோர்வை போட இரண்டு ஆள் எப்படி நாடா தள்ளுகிறார்கள் என்று பாருங்கள். கூலி கேளுங்கள். சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். அங்கிருந்து வேகவதியைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம், சமணக் காஞ்சி. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபமும் அதன் விதானத்து ஓவியங்களும் இருக்கின்றன. பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்க்காமல் மட்டும் போகாதீர்கள்.

ஆட்டோ பேசி ஐயங்கார்குளம். பூமிக்குள் படியிறங்கிப் போகிற நடவாவிக் கிணறு. சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் தண்ணீரை இறைத்துவிட்டுக் கீழே இருக்கிற மண்டபத்தில் பெருமாளை எழுந்தருளப் பண்ணுவார்கள். மற்ற நாளில் மண்டபம் தண்ணீருக்குள். நீங்கள் போகிற அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். தெரியாததும் பார்க்க வேண்டியதுதான்.

சாயங்காலம் பழையசீவரம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்கிற இடம். அக்கரையில் திருமுக்கூடல் கோயில். 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு அங்கே இருந்த 15 படுக்கை ஆதுலர் சாலையைப் பற்றி, மருத்துவர், சத்திர சிகிச்சை செய்பவர், மருந்து இருப்பு வரை கணக்குச் சொல்கிறது. மூன்று ஆறு கூடுகிற இடத்தில் ஒரு ஆஸ்பத்திரி. இன்று மூன்றில் எதில் தண்ணீர் இருக்கிறது, எதில் மணல் மிச்சம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் ‘கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும்’ என்கிற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. நாடு முழுக்க அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். அது பிறந்த ஆறு இதுதான். திரும்ப ரயிலேற பழையசீவரத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது.

கைலாசநாதர் இந்தப் ப்ளானில் இல்லையே என்கிறீர்களா? இல்லை. அதற்கு இன்னொரு நாள் வாருங்கள். ராஜசிம்மன் கட்டி 1,300 வருஷமாக இருக்கிறது, ஓடிவிடாது. கால்வாய்க்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

*

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், நேரம் அதிகம் இல்லை. பாலாற்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது கம்பன் கால்வாய். வழியில் பல ஏரிகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு போகிறது. ஸ்ரீபெரும்புதூர் நிரம்பினால் உபரி செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கம் நிரம்பினால் என்ன ஆகும் என்று 2015இல் சென்னைக்காரர்கள் படித்துக்கொண்டார்கள். வற்றினால் என்ன ஆகும் என்று 2019இல் படித்தார்கள். 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையத்தை அறிவித்தார்கள். 13 கிராமங்கள், சுமார் 5,000 ஏக்கர். அதில் ஏரி, குளம், வயல் எல்லாம் அடக்கம். கம்பன் கால்வாயும் அந்த நிலத்துக்குள்தான் போகிறது என்பது ஏகனாபுரத்து மக்கள் முதலிலிருந்தே சொல்லிவரும் வாதங்களில் ஒன்று. அவர்களுடைய போராட்டம் ஆயிரம் நாளைத் தாண்டிவிட்டது. காஞ்சிபுரத்தை ‘முடித்துவிட்டு’ வந்த எத்தனை பேருக்கு ஏகனாபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும்? விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் அந்தக் கால்வாய்க்கும் உள்ள உறவு தெரியாமல் பேசாதீர்கள்.

எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வருஷத்துக்குப் பத்துப் பேராவது காஞ்சிபுரம் போய்வந்து பயணக் கட்டுரை எழுதுகிறீர்கள். கைலாசநாதர் தூண் சிங்கம், வெயில், மௌனம், காலம் உறைந்து நிற்கிறது என்று ஒரு வரி. காலம் எங்கேயும் உறைந்து நிற்கவில்லை ஐயா, சாக்கடைதான் தேங்கி நிற்கிறது. அதையும் எழுதுங்கள். ஒரு ஊருக்குப் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே குடிக்கிற தண்ணி எங்கிருந்து வருது? குளிச்ச தண்ணி எங்க போகுது? இரண்டுக்கும் பதில் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். கேட்காமல் வந்துவிட்டு, அந்த ஊரைப் பார்த்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.